அத்தகாருவின் காலை மெயில்

சாஃப்ட்வேருக்கும் இப்போது பிறந்த ஊர், பெற்றவர் பெயர் எல்லாம் கேட்கிறார்களாம். கம்ப்யூட்டரில் இருக்கிற ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, யார் பொறுப்பு என்று சொல்லாவிட்டால் வெளிநாட்டுக்காரன் வாங்க மாட்டானாம். எங்கள் பழைய ஆபீஸ் வாட்ஸப் குழுவில் ஒருத்தன் இதைப் பெரிய செய்தியாகப் போட்டு, "வசந்தா மேடம், உங்க காலத்துல இந்தத் தொல்லையெல்லாம் இல்ல, குடுத்து வெச்சவங்க" என்று எழுதியிருந்தான். எழுதினவனுக்கே தலை முழுக்க நரைத்துவிட்டது. என் காலம் என்கிறான்! ஹைதராபாத் நாச்சாரத்தில் இருந்த எங்கள் ஆபீஸில் அதே தொல்லையை என் கையாலேயே நிறுவி, ஆபீஸ் முழுக்க ஏச்சு வாங்கினவள் நான். வாட்ஸப்பில் கட்டைவிரலால் பதில் தட்டினால் ஆத்திரம் அடங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. எங்கள் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே சிக்கந்திராபாத் வந்து சேர்ந்தது. மாரெட்பள்ளியில் பிறந்து, மாரெட்பள்ளியில் படித்து, மாரெட்பள்ளியிலேயே வாழ்க்கைப்பட்டு இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். வீட்டில் தமிழ், காய்கறிக்காரரிடம் தெலுங்கு, ஆட்டோக்காரரிடம் தக்கனி உருது, கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து. கணக்குப் படிப்பு முடித்து, கோபால் என்கிற கம்ப்யூட்டர் பாஷை எழுதக் கற்று, இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று பயந்தவர்களிடம் சம்பளம் வாங்கி, அது நிற்காமல் போன பிறகு லினக்ஸ் பக்கம் ஒதுங்கினேன். மருந்து அட்டை பேக் செய்யும் மெஷின்களுக்கு சாஃப்ட்வேர் எழுதும் ஒரு நடுத்தரக் கம்பெனியில் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். பட்டம் பெரிதாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். ஏ.சி. ஓடவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

எங்கள் மேலாளர் சேஷகிரி ராவ். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்தித்தான் சொல்ல வேண்டும். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. மெயில்களை ஸ்கிரீனில் படிக்க மாட்டார். பிரிண்ட் எடுத்து, பச்சை மைப் பேனாவால் அடிக்கோடு போட்டுப் படிப்பார். உங்கள் பெயருக்குக் கீழே பச்சைக் கோடு விழுந்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. சர்வர் அறைக்குள் செருப்போடு யாரும் போகக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். தூசிக்காகத்தான். ஆனால் அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகிற பவ்யத்தைப் பார்த்து, புதிதாகச் சேர்ந்தவர்கள் உள்ளே ஏதோ சன்னிதி இருக்கிறது என்றே நினைப்பார்கள்.

எதைக் கேட்டாலும் அவர் இல்லை என்று சொன்னதில்லை. "ஆலோசித்தாம்" என்பார். தெலுங்கில் 'யோசிப்போம்' என்று அர்த்தம். அவர் வாயில் அதற்கு ஒரே பொருள்தான்: நடக்காது, போய் வேலையைப் பார். லீவு கேட்டால் ஆலோசித்தாம், சம்பள உயர்வு கேட்டால் ஆலோசித்தாம். நான் ஒருமுறை புது நாற்காலி கேட்டேன். ஆலோசித்தார், ஆலோசித்தார், தான் ரிடையர் ஆகிற வரைக்கும் ஆலோசித்தார்.

இரண்டாயிரம் பீதி ஓய்ந்து மூன்று நாலு வருஷம் இருக்கும். எங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒரு நிபந்தனை போட்டார். உங்கள் சர்வர்களில் எங்கிருந்து வந்தது என்று தெரியாத எந்த மென்பொருளும் இருக்கக்கூடாது, தசரா முடிந்ததும் ஆள் அனுப்பிப் பார்ப்போம் என்று. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. லினக்ஸில் ஒவ்வொரு மென்பொருளும் பேக்கேஜ் என்கிற பொட்டலமாக வரும். லினக்ஸை வெளியிடுகிறவர்களே சோதித்து முத்திரை குத்தித் தருவது அதிகாரபூர்வமானது. மற்றதெல்லாம் வெளிச்சரக்கு. எங்கள் ஆபீஸில் வெளிச்சரக்குக்கு 'அமீர்பேட்' என்றே பெயர். அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய் வந்த பையன்கள் அங்கே நடைபாதையில் விற்கிற சி.டி.யெல்லாம் வாங்கி வந்து, ஆபீஸ் சர்வரில் போட்டு அழகு பார்ப்பார்கள்.

இந்த வெளிச்சரக்கைக் கண்டுபிடிக்க ஒரு கருவி கிடைத்தது. தினமும் விடிகாலையில் ஒவ்வொரு சர்வரிலும் எழுந்து, இருக்கிற பொட்டலங்களை ஒவ்வொன்றாக அதிகாரபூர்வக் கிடங்கோடு ஒப்பிட்டு, அங்கே இல்லாததையெல்லாம் மெயிலில் எழுதி அனுப்பும். அதை அமைப்பதற்கு அதன் கோப்பில் நான்கு விஷயங்கள் சொன்னால் போதும். எந்தக் கிடங்குகளை நம்பலாம், எவற்றைக் கண்டும் காணாமல் விட வேண்டும், எப்போது ஓட வேண்டும், யாருக்கு மெயில் போக வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? முதல் நாள் அது எல்லாவற்றையும் வெளிச்சரக்கு என்றது. எல்லாவற்றையும்! நாங்கள் இணையத்திலிருந்து நேராக எடுக்காமல் ஆபீஸுக்குள் ஒரு நகல் கிடங்கு வைத்திருந்தோம். அதன் விலாசம் கருவிக்குத் தெரியவில்லை. விலாசத்தை எழுதிச் சேர்த்ததும் வாய் பாதி அடங்கியது.

மறுநாள் வந்த மெயிலைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சீட்டாட்டம், தெலுங்குப் பாட்டுக் கேட்கும் செயலி, ஸ்கிரீனில் மீன் நீந்துவது, கல்யாண ஆல்பம் தயாரிப்பது. மெயில் யாருக்குப் போக வேண்டும் என்ற இடத்தில் ராவ், "எல்லாருக்கும், எல்லாருடையதும்" என்று எழுதச் சொல்லியிருந்தார். ஆக எவன் சர்வரில் எவன் என்ன வைத்திருக்கிறான் என்று ஊருக்கே வெளிச்சம். அதில் ராவின் சொந்தக் கம்ப்யூட்டரும் இருந்தது. அதில் ஒரு பஞ்சாங்க மென்பொருள். அவர் ராகு காலம் பார்க்காமல் ஒரு ரிலீஸும் விட்டவரில்லை. பிரிண்ட் எடுத்து, தன் பெயருக்குக் கீழே தானே பச்சைக் கோடு போட்டு, அன்றைக்கே அதை நீக்கிவிட்டு மேஜையில் காகிதப் பஞ்சாங்கம் வைத்துக்கொண்டார். மனுஷர் நேர்மையானவர், அதைச் சொல்லியாக வேண்டும்.

அந்த மெயிலில் கடைசி வரி என்ன தெரியுமா? அந்தக் கருவியின் பெயரே. அதுவும் அதிகாரபூர்வக் கிடங்கில் இல்லாததுதான், நான்தான் வெளியிலிருந்து கொண்டுவந்தேன். தன்னையும் விட்டுவைக்காமல் காட்டிக்கொடுத்திருந்தது. "விடிஞ்சா போதும், எல்லார் மேலயும் குத்தம் கண்டுபிடிக்குது. தன் மேலயே கண்டுபிடிக்குது. இது மாமியார் மேடம்" என்றான் டெஸ்டிங் டீம் அன்வர். அன்றிலிருந்து அதற்கு அத்தகாரு என்று பெயர். தெலுங்கில் மாமியாருக்கு மரியாதையாகச் சொல்வது.

ராவ் அதற்கும் ஒரு முறை வகுத்தார். வெளிச்சரக்கு நிஜமாகவே தேவை என்றால் அதை 'நம்முடையது' ஆக்கலாம். யாராவது ஒருவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்று சோதித்து, பொட்டலத்துக்குள் தன் பெயரை எழுத வேண்டும். பிறகு நானும் ராவும் பார்த்து ஆபீஸ் முத்திரை குத்தி, எங்கள் சொந்தக் கிடங்கில் வைப்போம். அப்புறம் அத்தகாரு வாயைத் திறக்க மாட்டாள். ஒரே நிபந்தனை, பொறுப்பேற்பவர் நிரந்தர ஊழியராக இருக்க வேண்டும். காண்ட்ராக்ட் ஆள் நாளைக்கே போய்விடலாம், பழுது வந்தால் யாரைப் பிடிப்பது என்பது அவர் கட்சி. கருவிக்கு நான் பொறுப்பேற்றேன்.

இந்த அன்வர் காண்ட்ராக்ட் ஆள். வாணியம்பாடிக்காரன். அமீர்பேட்டில் படிக்க வந்து, அங்கேயே ஹாஸ்டலில் தங்கி, எங்களிடம் டெஸ்டிங் டீமைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலையில் கெட்டி, வாயில் அதைவிடக் கெட்டி. அமீர்பேட்டில் அவனுக்கு ஜாவா சொல்லிக்கொடுத்த நசீமா என்கிற டீச்சரையே கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டான். அந்தப் பெண்ணுக்கும் இஷ்டம். இடைஞ்சல் அவளுடைய அப்பா ஹபீப் சாஹிப். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளியூர்ப் பையன், அதிலும் காண்ட்ராக்ட் வேலை என்றதும், "கன்ஃபர்ம் ஆகாத ஆளை ஏத்திக்கிறது என் வழக்கம் இல்ல" என்று சொல்லிவிட்டாராம். துபாயிலிருந்து இன்னொரு வரனும் வந்திருந்தது. ரம்ஜான் மாதம் பிறப்பதற்குள் வேலை நிரந்தரம் ஆனால் நீ, ஆகாவிட்டால் அவன் என்று கெடு. தசரா முடிந்து மூன்று வாரத்தில் ரம்ஜான். அவனை நிரந்தரமாக்கும் ஃபைல் ராவ் மேஜையில் இருந்தது. ஆலோசனையில் இருந்தது.

இந்த நேரம் பார்த்து ராவுக்கு ஒரு யோசனை வந்தது. நாலு டீமுக்கும் நாலு சர்வர். எந்த டீமின் சர்வரில் வெளிச்சரக்கு முதலில் பூஜ்யம் ஆகிறதோ அந்த டீமுக்குத் தன் செலவில் பிரியாணி என்று அறிவித்தார். ஹைதராபாத்தில் பிரியாணி என்றால் மனுஷன் எதையும் செய்வான். எல்லாரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். பொறுப்பேற்று முத்திரை வாங்க ஒரு வாரம் ஆகும், நீக்குவதற்கு ஒரு வரி போதும். எல்லாரும் நீக்கித் தள்ளினார்கள். ஒவ்வொரு சர்வரிலும் கடைசியில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. எங்கள் வேலையெல்லாம் சேமித்திருக்கிற டிஸ்குகளைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கார்டை இயக்கும் டிரைவர் என்கிற மென்பொருள். கார்டு விற்ற கம்பெனி ஒரு சி.டி.யில் கொடுத்தது, அதிகாரபூர்வக் கிடங்கில் கிடையாது. முதல் டீம் தலைவர் ஸ்ரீநிவாஸ் தயங்கித் தயங்கி அதையும் நீக்கினார். ஒன்றும் ஆகவில்லை. டிஸ்க் தெரிந்தது, வேலை ஓடியது. நானும் போய்ப் பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது. புது லினக்ஸிலேயே இந்தக் கார்டுக்கு வழி இருக்கும் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். அடுத்த இரண்டு டீமும் நீக்கின.

அன்வர் மட்டும் நீக்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"இன்னா பிரியாணி மேடம் அது?"

"எந்த பிரியாணியா இருந்தா உனக்கென்ன? சார் வாங்கித் தர்றார்."

"சார் இன்னா வாங்கித் தருவாருன்னு தெரியாதா? சாரு வெங்காயமே சாப்பிட மாட்டாரு. வெஜிடபிள் பிரியாணி! எங்க ஊர்ல அதுக்குப் பேரு காய் போட்ட சோறு. அதுக்குப் போயி நான் மெனக்கெடணுமா? வேணாம், நக்கோ."

சொன்னது போலவே வந்தது வெஜிடபிள் பிரியாணிதான். ஸ்ரீநிவாஸின் டீம் முகத்தில் ஈயாடவில்லை. அன்வர் அவர்கள் மேஜை மேஜையாகப் போய், "காரட் நல்லா வெந்திருக்கா?" என்று துக்கம் விசாரித்துவிட்டு வந்தான்.

ஆனால் விளையாட்டு அத்தோடு முடியவில்லை. தினமும் காலையில் மெயில் வரும். மூன்று சர்வர் பூஜ்யம், டெஸ்டிங் சர்வர் ஒன்று. ராவ் தினமும் அந்த ஒன்றுக்குக் கீழே பச்சைக் கோடு போடுவார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். அவர் தெலுங்கில் பேசியதைத் தமிழில் சொல்கிறேன்.

"அம்மா வசந்தா, அந்தப் பையனிடம் சொல். இந்த ஒன்று போகிற வரைக்கும் அவன் ஃபைல் இந்த மேஜையை விட்டு நகராது."

அவர் அம்மா போட்டுப் பேசினால் கோபத்தின் உச்சியில் இருக்கிறார் என்று அர்த்தம். ஒரு பெண்ணின் கல்யாணம், ஒரு பையனின் பிழைப்பு, இரண்டும் நான் நிறுவிய கருவி தினமும் எழுதுகிற ஒரு வரியில் வந்து நிற்கிறதே! அன்வரிடம் சொன்னேன். முதலில் சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து அவனும் நிறுத்திக்கொண்டான். ஆனாலும் இரண்டு நாள் வீம்பு பிடித்தான். மூன்று பேர் நீக்கியாயிற்று, எதுவும் ஆகவில்லை, உனக்கு மட்டும் என்னடா என்று நானும் திட்டித் தீர்த்தேன்.

ஆயுத பூஜை சனிக்கிழமை வந்தது. எங்கள் ஆபீஸில் சர்வர்களை வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் அணைப்போம். மற்ற நாளெல்லாம் விடாமல் ஓடும். எத்தனை நாளாக அணையாமல் ஓடுகிறது என்று டீமுக்கு டீம் பெருமை வேறு பேசிக்கொள்வார்கள். ஆயுத பூஜையன்று மட்டும் அணைத்து, துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்து, விஜயதசமியும் முடிந்து அடுத்த வேலை நாளில்தான் திரும்பப் போடுவது. கரண்ட் ஓடுகிற மெஷினில் ஈரச் சந்தனம் வைக்க முடியாது பாருங்கள்.

நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது அன்வர் வந்து நின்றான். முகம் சுண்டிப்போயிருந்தது.

"மேடம், நீங்களே எடுத்துடுங்க. நேத்து நசீமா ஃபோன் பண்ணா. அழுவுறா. எனக்கு ரோஷமும் வாணாம் ஒண்ணும் வாணாம்."

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. கோலமாவுக் கையைக் கழுவிக்கொண்டு சர்வர் அறைக்குப் போனேன். பின்னாலேயே ராவ் வந்தார், நெற்றியில் பளிச்சென்று குங்குமம்.

"சார், அன்வர் சம்மதிச்சுட்டான். அந்த ஒண்ணை எடுத்துடறேன்."

கடிகாரத்தைப் பார்த்தார். "இப்போதா? ராகு காலம். நல்ல காரியத்தை இப்போதா செய்வது? பூஜை ஆகட்டும்."

பூஜை ஆனது. ஆனால் பூஜைக்காக மெஷின்களை அணைத்தாகிவிட்டது. ஆக, நீக்குவது திங்கட்கிழமை என்று முடிவாயிற்று. அன்வர் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான்.

திங்கட்கிழமை காலை. மதியம் வாடிக்கையாளரின் ஆட்கள் வருகிறார்கள். ராவ் நல்ல நேரம் பார்த்துத் தன் கையால் முதல் சர்வரின் பொத்தானை அழுத்தினார். விசிறி சுற்றியது, எழுத்துகள் ஓடின, லினக்ஸ் வந்தது. டிஸ்குகள் வரவில்லை. ஸ்ரீநிவாஸ் டீமின் வேலை மொத்தமும் இருந்த டிஸ்குகள், அப்படி ஒன்று உலகத்திலேயே கிடையாது என்று சாதித்தது மெஷின். இரண்டாவது சர்வர், அதேதான். மூன்றாவது, அதேதான்.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. டிரைவரை நீக்கியபோது சர்வரில் எழுதி வைத்திருந்த அதன் கோப்புகள்தான் போயின. ஓடிக்கொண்டிருந்த மெஷினின் நினைவில் அது ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தது. அணைக்கிற வரைக்கும் அது பாட்டுக்கு வேலை செய்தது. அணைத்ததும் நினைவும் போயிற்று. வேறு ஆபீஸாக இருந்தால் என்றைக்காவது கரண்ட் போய், ஒரு மெஷின் தனியாக மாட்டியிருக்கும். நாங்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் பூஜை போட்டு அணைத்திருந்தோம்.

பழைய சி.டி. எங்கே? தேடினோம். கிடைத்தது. போன வருஷத்து ஆயுத பூஜைக்கு யாரோ பழைய சி.டி.களையெல்லாம் கோத்துத் தோரணம் கட்டியிருந்தார்கள், அதில் ஜிகினா ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. மெஷின் அதைப் படிக்கவே மறுத்தது. கார்டு விற்ற கம்பெனியின் இணையதளத்துக்குப் போனால் அங்கே யாரோ ஷாம்பு விற்கிறார்கள். ஸ்ரீநிவாஸ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ராவ் கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார்.

"நாலாவது?" என்றேன்.

டெஸ்டிங் சர்வரைப் போட்டேன். நெற்றிப் பொட்டோடு அது நிதானமாக எழுந்து, டிஸ்குகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டியது.

அந்த நேரம் பார்த்து அன்வர் உள்ளே வந்தான். ராவிலிருந்து கடைசி ஆள் வரை அவன் மெஷினைச் சுற்றி நிற்கிறோம், என் கை கீபோர்டில் இருக்கிறது. அவன் என்ன நினைப்பான்?

"எடுத்துட்டீங்களா மேடம்?" என்றான் மெதுவாக.

"கிட்ட வராதே! அதுமேல மூச்சுகூட விடாதே!" என்று கத்தினேன். ஸ்ரீநிவாஸ் தரையிலிருந்து எழுந்து ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டார். அன்வர் பேந்தப் பேந்த விழித்தான்.

விஷயத்தைச் சொன்னதும், "உனக்குத் தெரிஞ்சுதான் விட்டு வெச்சியா?" என்று ராவே கேட்டார்.

அன்வர் என்னைப் பார்த்தான். பொய் சொல்லிப் பெரிய ஆளாகியிருக்கலாம். "எனக்கு இன்னா சார் தெரியும்? பிரியாணி வெஜிடபிள்னு விட்டுட்டேன்" என்றான். ராவ் சிரிக்கவில்லை, ஆனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவன் மெஷினிலிருந்த கோப்புகளை எடுத்து, மறுபடி பொட்டலமாகக் கட்டி, மற்ற மூன்றிலும் போட்டோம். டிஸ்குகள் வந்தன, ஒரு எழுத்துகூடப் போகவில்லை. மதியம் வந்தவர்கள் டெமோ பார்த்தார்கள், தேநீர் குடித்தார்கள். நாளைக்குக் காலை வெளிச்சரக்கு அறிக்கையைப் பார்க்கிறோம் என்று ஹோட்டலுக்குப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை அத்தகாரு மெயில் அனுப்பினாள். நாலு சர்வரிலும் ஒன்று.

இனி நீக்க முடியாது. அறிக்கையில் பூஜ்யம் வர வேண்டுமானால் டிரைவரை 'நம்முடையது' ஆக்கியாக வேண்டும். யாராவது பொறுப்பேற்றுப் பெயர் கொடுக்க வேண்டும். வந்தவர்களும் அவசரப்படாமல் மாலைக்குள் காட்டுங்கள் என்றார்கள். ராவ் டீம் தலைவர்களைக் கூப்பிட்டார். மூன்று பேரும் நிரந்தர ஊழியர்கள். ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒருவர் செல்ஃபோனைப் பார்த்தார். ஸ்ரீநிவாஸ் மட்டும் உண்மையைச் சொன்னார்: "சார், மறுபடி இப்படி ஆனா எனக்கு ஹார்ட் தாங்காது."

"நான் எடுத்துக்குறேன் சார்" என்றான் அன்வர்.

ராவ் என்னைப் பார்த்தார். "நிரந்தர ஊழியர் மட்டும் என்று சட்டம் இருக்கிறதே."

"ஆமா சார். நீங்க போட்டதுதான்" என்றேன். "நல்ல சட்டம் சார். மாத்தக் கூடாது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "ஆலோசித்தாம்" என்றார்.

போச்சு என்று நினைத்தேன். அன்வர் தலையைக் குனிந்துகொண்டான். ராவ் பஞ்சாங்கத்தைப் புரட்டினார், கடிகாரத்தைப் பார்த்தார். "மூன்று மணிக்கு ராகு காலம் ஆரம்பிக்கிறது. ஆலோசிக்க நேரம் இல்லை. அந்த ஃபைலை எடு" என்றார். பச்சைப் பேனாவாலேயே கையெழுத்துப் போட்டார். தலைமை அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு, அவர் வாயால் நான் கேட்டிராத ஒரு வார்த்தையைச் சொன்னார்: இன்றைக்கே. சாயங்காலத்துக்குள் ஆர்டர் ஃபேக்ஸில் வந்தது. பொட்டலத்துக்குள் அன்வரின் பெயரை நான்தான் தட்டினேன். முத்திரை குத்தி, கிடங்கில் வைத்து, அத்தகாருவை மறுபடி ஓடவிட்டேன். நாலு பூஜ்யம்.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு ஹபீப் சாஹிபைத் தெரியாது. அன்வர் கொண்டுபோய்க் காட்டிய ஆர்டரை அவர் நம்பவில்லை. அந்த வாரமே ஒரு நாள் ஆட்டோ பிடித்து நாச்சாரத்துக்கே வந்துவிட்டார். வெள்ளை ஷெர்வானி, கையில் அந்த ஆர்டர். ராவின் அறையில் உட்கார்ந்து, காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பி, முத்திரையை விரலால் தடவினார். மொழி பெயர்க்க என்னை உட்காரச் சொல்லியிருந்தார்கள். அன்வர் கதவோரம் நின்றான். ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஆபீஸே நின்றது.

"ஜனாப், எனக்கு ஒரே மகள்" என்றார் ஹபீப் சாஹிப். "காகிதம் சரியாகத்தான் இருக்கிறது. காகிதம் சரியாக இருந்தும் நடுவழியில் இறக்கிவிடப்பட்ட எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். நாளைக்கு இவன் வேண்டாம் என்று தோன்றினால் எடுத்துவிடுவீர்கள்தானே? அல்லாவுக்குப் பொதுவாகச் சொல்லுங்கள்."

நான் வாயைத் திறப்பதற்குள் ராவ் தன் தெலுங்கு உருதுவில் தானே பதில் சொன்னார். இலக்கணமெல்லாம் எங்கேயோ போயிற்று, ஆனால் அங்கே இருந்த ஒருத்தருக்கும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

"சாஹிப், வேண்டாதது என்று நினைத்து மூன்று மெஷினில் எடுத்துப் பார்த்தோம். மூன்றும் படுத்துவிட்டன. இவனை எடுத்துப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. நான் ரெண்டு வருஷத்தில் ரிடையர் ஆகிவிடுவேன். இவன் என்னைவிட நிரந்தரம்."

ஹபீப் சாஹிப் ஆமாம் என்று தலையை ஆட்டினார். "ஹவ்" என்றார். காகிதத்தை மடித்து ஷெர்வானிப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். கதவோரம் போய், அன்வரின் தோளை உள்ளங்கையால் அளந்தார். "பேட்டா, வெள்ளிக்கிழமை ஜுமாவுக்கு வீட்டுக்கு வா. தையல்காரர் வருவார், கல்யாண ஷெர்வானிக்கு அளவு கொடுக்க வேண்டும்" என்றார்.

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் பையன், அந்தக் கதவோரமே உட்கார்ந்து, ராவ் பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல், தேம்பித் தேம்பி அழுதான்.